பேனாவா, பேனையா?

கேட்டவர் தமிழ்நாட்டில் வளர்ந்தவர். கணவர் இலங்கைத் தமிழர். எழுதப் பழகிக்கொண்டிருக்கும் மகள் ஒருநாள் "அம்மா, என் அடிமட்டம் எங்கே?" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை தேடுவது ஸ்கேலை என்று புரிவதற்குள் அப்பா உள்ளே வந்து சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் வழக்கு நடக்கிறதாம். பேனாவா பேனையா, ரப்பரா அழிறப்பரா, இவற்றில் எது சரியான தமிழ், பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருவது? கூடவே இன்னொரு கேள்வியும் வைத்திருக்கிறார்: நீங்கள் எதில் எழுதுகிறீர்கள், அவளுக்கு எதை வாங்கித் தரலாம்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேனாவும் சரி, பேனையும் சரி. பிறப்பால் இரண்டுமே தமிழ் இல்லை. எழுதுகருவிகளைப் பொறுத்தவரை "சரியான பெயர்" என்று ஒன்றைத் தேடிப் புறப்பட்டவர்கள் எல்லோரும் கடைசியில் ஏதோ ஒரு பழைய கருவியின் முன்னால்தான் போய் நிற்பார்கள். கருவி செத்துப்போகும். பெயர் மட்டும் அடுத்த கருவியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உலகம் முழுக்க இதே கதைதான்.

பேனாவிலிருந்தே தொடங்கலாம். 1498இல் கோழிக்கோட்டிலும் 1505இல் இலங்கையிலும் வந்திறங்கிய போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொற்கள் நம் வீடு முழுக்கக் கிடக்கின்றன. அலமாரி, சாவி, ஜன்னல், மேசை எல்லாம் அவர்கள் கொடுத்தவை. அவர்களுடைய "பெனா"தான் இங்கே பேனாவாகவும் அங்கே பேனையாகவும் ஆனது. அயல்சொல்லின் கடைசியில் வரும் அகர ஆகாரங்களை "ஐ" ஆக்கிக்கொள்வது தமிழின் பழைய பழக்கம். சமஸ்கிருதத்தின் கதா நம்மிடம் கதை ஆனது, சபா சபை ஆனது. போர்த்துகீசிய மேசா மேசை ஆனது. அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் கணவர் வீட்டுப் பேனைதான் தமிழ் நடைக்கு ஒத்து நடந்த பிள்ளை. தமிழ்நாட்டுப் பேனா வந்த கோலத்திலேயே நின்றுவிட்டது.

ஆனால் இதைத் தமிழ்நாட்டில் சொல்லிப் பாருங்கள். "பேனை எடு" என்றால் கை தானாகத் தலைமயிருக்குப் போகும். பேன் என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை சேர்ந்தால் பேனைதானே? பேனைப் பெருமாளாக்குவது என்ற பழமொழியை ஓர் இலங்கைத் தமிழர் முதல்முறை கேட்டால், எழுத்தாளர்களைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள இடம் உண்டு. அப்படி நினைத்தாலும் பெரிய தவறில்லை.

அந்தப் போர்த்துகீசியச் சொல்லுக்கு என்ன பொருள்? இறகு. லத்தீனின் "பென்னா" பறவையின் இறகைக் குறித்தது. ஆங்கிலத்தின் பென்னும் அதன் வழி வந்ததே. பிரெஞ்சின் ப்ளூம், ஸ்பானியத்தின் ப்ளூமா, ஜெர்மனின் ஃபேடர், ரஷ்யனின் பெரோ ஆகிய எல்லாமே இறகையும் எழுதும் முனையையும் ஒன்றாகவே குறிப்பவை. வாத்தின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலம் போய் எவ்வளவோ நாளாயிற்று. வாத்து போய்விட்டது, இறகு மட்டும் எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. தனித்தமிழ் விரும்புகிறவர்கள் சொல்லும் "தூவல்" என்பதும் இதே இறகுதான்; தூவி, தூவல் என்றால் பழந்தமிழில் பறவையின் இறகு. அழகான சொல். ஆனால் நாம் இறகால் எழுதிய கூட்டம் இல்லையே? வேறொருவருடைய வாத்தை நம் இலக்கணத்தில் மேய விட்டதுபோல எனக்கு அது தோன்றும்.

இறகின் கணக்கில் வராதவர்கள் நாணலின் கணக்கில் வருவார்கள். கிரேக்கத்தில் "கலமோஸ்" என்றால் நாணல். அதுவே அரபியில் கலம் ஆகி, இந்தி, உருது, பாரசீகம், துருக்கி, சுவாஹிலி வரை போயிற்று. ஆக, பாதி உலகம் பறவையால் எழுதுகிறது, பாதி உலகம் புல்லால் எழுதுகிறது.

நாம் எழுதியது ஆணியால். எழுத்தாணி என்ற சொல்லைப்போல் நேர்மையான சொல் வேறில்லை என்பேன். பனையோலையின் மேல் மையால் எழுதுவதில்லை, கீறுவார்கள். கீறி முடித்தபின் கரியும் இலைச்சாறும் சேர்த்துத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கருமை தங்கிவிடும், மற்ற இடம் வெளுப்பாகவே நிற்கும். அதாவது எழுதுவது ஒரு வேலை, மையிடுவது வேறொரு வேலை. எழுத்தாணியிலேயே குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, கத்தியோடு சேர்த்து மடக்கிவைக்கும் மடக்கெழுத்தாணி என்று வகைகள் இருந்தன. புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிக்கிறவர்தான் இடம் பார்த்துக் "கல"மா "கல்"லா என்று முடிவுசெய்ய வேண்டும். பிழை திருத்துவது என் பிழைப்பு. அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் என்ன பாடு பட்டிருப்பேன் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

எழுத்தாணி போன பிறகு நமக்குக் கிடைத்த பொதுச்சொல் எழுதுகோல். கோல் என்பது தமிழில் பெரிய குடும்பம்: செங்கோல், ஊன்றுகோல், துலாக்கோல், அளவுகோல். நீளமாக, கையில் பிடிக்கக்கூடியதாக இருந்தால் போதும், கோல்தான். எழுதுகோல் எந்தப் பொருளால் ஆனது, யார் விற்றது, எந்தப் பறவையுடையது என்பதையெல்லாம் அந்தச் சொல் கேட்பதில்லை; அதனால் அதற்கு வயதும் ஆவதில்லை. அதன் குறையும் அதுவே. மூன்று பேனாவும் இரண்டு பென்சிலும் இருக்கும் மேசையில் "அந்த எழுதுகோலை எடு" என்று சொன்னால் கை எதன்மேல் போகும்? மேடைக்கும் கட்டுரைக்கும் எழுதுகோல் போதும். மேசைக்கு அது போதாது.

இப்போது பால் பாயிண்ட் பேனாவுக்கு வருகிறேன். இந்த ஒரு கருவிக்கு இருக்கும் பெயர்களை வைத்தே நூறு ஆண்டு வரலாற்றைச் சொல்லிவிடலாம். லாஸ்லோ பீரோ என்ற ஹங்கேரியப் பத்திரிகையாளர் 1938இல் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பிறகு போருக்குத் தப்பி அர்ஜென்டினாவுக்குப் போய், 1943இல் அங்கேயும் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் இன்றும் இதற்குப் பெயர் பைரோ. அவர் பெயர்தான், ஆங்கில நாக்கில் புரண்டு எழுந்தது. அர்ஜென்டினாவில் பிரோமே, பீரோவின் பெயரையும் அவருடைய கூட்டாளி மெய்னேயின் பெயரையும் ஒட்டவைத்த சொல். அவர் பிறந்த செப்டம்பர் 29ஐ அந்த நாடு கண்டுபிடிப்பாளர் தினமாகக் கொண்டாடுகிறது. ஒரே ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலேயே பெயர் ஒத்துவருவதில்லை. ஸ்பெயினில் போலி என்று செல்லமாகச் சொல்வார்கள், மெக்சிகோவில் ப்ளூமா, கொலம்பியாவில் எஸ்ஃபெரோ, சிலியில் "பசைப் பென்சில்" என்று பொருள்படும் ஒரு பெயர். பெருவில் லாபிசெரோ என்றால் பேனா. அதே சொல்லை ஸ்பெயினில் சொன்னால் பலர் பென்சிலை நீட்டுவார்கள். உங்கள் வீட்டு அடிமட்டம் எவ்வளவோ தேவலை.

எனக்கு மிகவும் பிடித்தது துருக்கிக்காரர்களின் பெயர். "தீராத கலம்" என்று பொருள் வரும்படி வைத்திருக்கிறார்கள். போலந்தில் வைத்த பெயருக்கு "நெடுநாள் எழுதுவது" என்ற பொருள். இரண்டிலும் விற்பனைக்காரரின் குரல் கேட்கவில்லையா? 1945 அக்டோபரில் நியூயார்க்கின் ஒரு பெரிய கடையில் மில்டன் ரெனால்ட்ஸ் என்பவர் இந்தப் பேனாவை 12.50 டாலருக்கு விற்பனைக்கு வைத்தபோது, இரண்டு ஆண்டுக்கு மை நிரப்பவே வேண்டாம் என்றுதான் விளம்பரம் செய்தார். மைக்கூட்டையும் ஃபில்லரையும் வைத்துக்கொண்டு அல்லாடிய மக்களுக்கு அது மந்திரம்போலக் கேட்டிருக்கும். அந்த வியப்பு தீர்ந்துவிட்டது, பெயரில் மட்டும் அது தீரவில்லை. துருக்கியில் இன்றும் தீராத பேனா தீர்ந்துபோனதென்று புதிதாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தோனேசியாவில் இன்னொரு கூத்து. டச்சு மொழியில் மை நிரப்பி எழுதும் பேனாவுக்கு "வுல்பென்", அதாவது நிரப்புபேனா, என்று பெயர். அது இந்தோனேசிய மொழியில் புல்பென் ஆனது. நிரப்புபேனா வழக்கொழிந்ததும் அந்தப் பெயர் வேலையில்லாமல் நிற்கவில்லை. நிரப்பவே முடியாத பால் பாயிண்ட் பேனாவுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டது.

தமிழில் இதற்குக் குமிழ்முனைப் பேனா, பந்துமுனைப் பேனா என்று நல்ல பெயர்கள் உண்டு. அச்சில் பார்த்திருக்கிறேன், பேச்சில் கேட்டதில்லை. பேச்சில் இருப்பது பால் பேனா, டாட் பேனா, ரீஃபில் பேனா. பால் பேனா என்று எழுதிக்காட்டினால் மாட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பிள்ளை கேட்கக்கூடும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பென்சிலுக்கும் பேனாவுக்கும் ஆங்கிலத்தில் பெயர் ஒத்திருப்பதால் அண்ணன் தம்பி என்று நினைப்போம். உறவே கிடையாது. பென்சில் என்பது "பெனிசில்லஸ்" என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சின்ன வால் என்று பொருள், அதாவது ஓவியரின் மயிர்த்தூரிகை. அதே தூரிகை வடிவில் இருந்ததால் ஒரு பூஞ்சணத்துக்கும் அந்தப் பெயர் வைத்தார்கள். அந்தப் பூஞ்சணத்திலிருந்து பெனிசிலின் வந்தது. ஆகவே பென்சிலுக்கு உறவு சொல்ல வேண்டுமென்றால் மருந்து அலமாரியில்தான் தேட வேண்டும்.

பென்சிலைப்போல ஒரு பெரும் பிழையைப் பெயரில் சுமக்கும் கருவியும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் கருமையும் மினுமினுப்புமாக ஒரு பொருள் கிடைத்தது. தொட்டால் கையெல்லாம் கறுப்பு. அதை ஈயத்தின் ஒரு வகை என்று நினைத்துவிட்டார்கள். அது கரிதான் என்று ஷீலே என்ற வேதியியலாளர் 1779இல் காட்டினார். 1789இல் வெர்னர் என்ற கனிமவியலாளர் அதற்கு, எழுதுதல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து, கிராஃபைட் என்று பெயரிட்டார். அதற்குள் ஈயம் நாக்குகளில் ஊறிவிட்டது. ஜெர்மானியர் ஈயக்குச்சி என்கிறார்கள். சீனமும் ஜப்பானும் ஈயத்தூரிகை என்கின்றன. துருக்கியில் ஈயக் கலம். நம் பிள்ளைகளும் முனை உடைந்தால் "லெட் உடைந்துவிட்டது" என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலாந்தோடு நடந்த போரில் பிரான்சுக்கு அந்தச் சரக்கு கிடைக்காமல் போனபோது, கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்டு எழுதுகுச்சி செய்யும் வழியை 1795இல் கோந்தே என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை செய்தார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. ஹெச், பி என்று பென்சிலில் பொறித்திருப்பதெல்லாம் இந்தக் கலவைக் கணக்குத்தான். ஒரு துளி ஈயமும் எந்தக் காலத்திலும் அதில் இருந்ததில்லை.

இதில் தப்பியது தமிழ். கரிக்கோல் என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் வேதியியல் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுவிட்டார். பிழையில்லாத பெயர், சின்னப் பெயர், சொன்னவுடன் புரிகிற பெயர். அப்படியும் யாரும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை, பென்சில் என்றுதான் சொல்கிறேன். சரியாக இருப்பது ஒரு சொல் பிழைத்திருக்கப் போதாது.

பென்சிலை என்ன செய்கிறோம் என்பதில்தான் தமிழ் தன் சொந்தக் கையைக் காட்டுகிறது. சீவுகிறோம். தலையையும் சீவுகிறோம், இளநீரையும் சீவுகிறோம், பென்சிலையும் சீவுகிறோம். மூன்றிலும் ஒரு பக்கமாக இழுத்து, மேலே இருப்பதை ஒழுங்குபண்ணும் அதே கையசைவு இருக்கிறது. பிளேடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, பென்சிலைச் சற்றே சுழற்றிக்கொண்டு வெளிப்பக்கமாகத் தள்ளும்போது மரம் சுருளாக எழுந்து விழும். சுருளின் ஓரத்தில் பென்சிலின் வண்ணம் மெல்லிய கரையாக ஓடும். கரி வெளியே தெரிந்ததும் கையின் வேகம் தானாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் டக்கென்று முனை போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து. தீட்டு என்று இன்னொரு வினையும் இருக்கிறது. கத்தியைத் தீட்டுவோம், ஓவியமும் தீட்டுவோம், கட்டுரையும் தீட்டுவோம். கூராக்குவதும் எழுதுவதும் ஒரே சொல்லில் அடங்கிக்கிடப்பது வேறெந்த மொழிக்கு வாய்த்ததோ, எனக்குத் தெரிந்த மொழிகளுக்கு வாய்க்கவில்லை.

ஆனால் சீவும் கருவிக்குப் பெயர் வைக்க வரும்போது எல்லோரும் ஆங்கிலத்தில் கைவைத்தார்கள், அதிலும் ஆளுக்கொன்றாக. தமிழ்நாட்டில் ஷார்ப்னர், கேரளத்தில் கட்டர், கர்நாடகத்தில் மெண்டர். அயர்லாந்தில் இதே கருவி பேரர் அல்லது டாப்பர். துருவி என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தேங்காய்தான் நினைவுக்கு வருகிறது. சீவி என்று சொன்னால் என்ன? இரண்டே எழுத்து, வேலையும் விளங்குகிறது. உங்கள் வீட்டில் இதுவரை பெயர் முடிவாகவில்லை என்றால் என் ஓட்டு இதற்கு.

முனை கூர் போனால் மொக்கை என்போம். இன்று அந்தச் சொல்லைச் சுவையற்ற பேச்சுக்கும் நகைச்சுவைக்கும் வைத்துவிட்டார்கள். பழைய பொருளில் பென்சிலுக்கு அதைச் சொன்னால் இளையவர்கள் பென்சில் ஏதோ நகைச்சுவை சொல்லிவிட்டதுபோலப் பார்க்கிறார்கள்.

ரப்பர் விஷயத்தில் நடந்தது தலைகீழ். இங்கே பொருளின் பெயர் கருவிக்கு வரவில்லை, கருவியின் பெயர் பொருளுக்குப் போனது. 1770 வரை பென்சில் கோட்டை அழிக்க ரொட்டியின் உள்பகுதியைப் பிசைந்து உருட்டித் தேய்த்தார்கள். அந்த ஆண்டில் ஆக்சிஜன் ஆராய்ச்சியால் பின்னாளில் பெயர் பெற்ற பிரீஸ்ட்லி, தென்னமெரிக்க மரமொன்றின் பாலிலிருந்து வந்த பொருள் கரிக்கோட்டை அருமையாகத் துடைக்கிறது என்று எழுதிவைத்தார். தேய்ப்பது என்ற ஆங்கில வினையிலிருந்து அந்தப் பொருளுக்கே ரப்பர் என்று பெயர் நிலைத்தது. ரப்பர் தோட்டம், ரப்பர் செருப்பு, லாரியின் டயர் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்தது ஒரு தவறான பென்சில் கோடு என்று நினைத்துப் பாருங்கள். இன்று பெட்டியில் கிடக்கும் வெள்ளை ரப்பர்களில் பெரும்பாலானவற்றில் ரப்பரே இல்லை, எல்லாம் வினைல் பிளாஸ்டிக். வாத்தைப்போலவே மரமும் போய்விட்டது.

இந்தப் பெயரால் மானம் போகிற இடமும் உண்டு. அமெரிக்காவில் ஒரு கடையில் போய் ரப்பர் கேட்டால் ஆணுறையைக் கேட்கிறீர்கள் என்று நினைப்பார்கள். அங்கே இதற்குப் பெயர் இரேசர். இலங்கையின் அழிறப்பர் இந்தச் சங்கடத்துக்கு முன்பே கதவடைத்துவிட்டது: எதற்கான ரப்பர் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறது. மலேசியா, சிங்கப்பூர் பாடநூல்களிலும் நம் அகராதிகளிலும் இருக்கும் அழிப்பான் இன்னும் ஒரு படி மேல், வினைலானாலும் ரொட்டியானாலும் பொருந்தும். எனக்கு அழிறப்பர் பிடிக்கும். ஆங்கிலமும் தமிழும் சண்டை போடாமல் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

அடிமட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடி என்பது பன்னிரண்டு அங்குலம், மட்டம் என்பது சமம் பார்ப்பது; ஸ்கேலைவிடப் பொருள் நிறைந்த பெயர். தமிழ்நாட்டில் அடிமட்டம் என்ற சொல்லைக் கட்சிக்காரர்கள் முழுக்க எடுத்துக்கொண்டதால், "அடிமட்டத்தைக் காணோம்" என்று உங்கள் மகள் சொல்வது தேர்தல் முடிவைப் பற்றிய கட்டுரையின் தலைப்புபோல இருக்கிறது. அவ்வளவுதான் குறை. கொப்பியும் அப்படியே. நாம் நோட்டு என்பதை இலங்கையில் கொப்பி என்கிறார்கள். இந்தியிலும் காப்பி, அயர்லாந்திலும் காப்பி. தமிழ்நாடு அந்த வழிக்குப் போகவில்லை, ஒருவேளை குடிக்கிற காப்பியோடு குழப்பம் வேண்டாம் என்று இருக்கலாம். வெண்கட்டி, சாக்பீஸ் இரண்டில் வெண்கட்டிக்கே என் மனம் சாய்கிறது. பலப்பத்தைப் பல்பம் என்றும் சிலேட்டுக் குச்சி என்றும் சொல்வார்கள். தெலுங்கிலும் அது பலபம்தான். மாவுபோன்ற மென்கல்லைச் சீவிச் செய்தது. அதைத் தின்று பார்க்காத பிள்ளை அபூர்வம்.

தடித்த மைப்பேனாவுக்கு, அதாவது மார்க்கருக்கு, பல நாடுகளில் அங்கே பேர்போன ஒரு பிராண்டின் பெயரே பெயர்: அமெரிக்காவில் ஷார்ப்பி, நியூசிலாந்தில் விவிட், ஆஸ்திரேலியாவில் டெக்ஸ்டா, தென்னாப்பிரிக்காவில் கோக்கி, பிலிப்பைன்சில் பென்டெல் பென். ஜப்பான், கொரியா, ஈரான் மூன்றிலும் மேஜிக் என்றே சொல்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, பென்சில் ஒரு கம்பெனிக்குப் பெயர் கொடுத்ததும் உண்டு. தோகுஜி ஹயகாவா என்ற ஜப்பானியர் 1915இல் திருகினால் முனை வெளிவரும் பென்சில் ஒன்றைச் செய்து விற்றார். 1923 நிலநடுக்கத்தில் தொழிற்சாலை போனது. பிறகு ஒசாகாவுக்குப் போய் ரேடியோ செய்யத் தொடங்கியபோதும் பென்சிலின் பெயரை விடவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஷார்ப் என்று பார்க்கிறோமே, அது அந்தப் பென்சில்தான். ஜப்பானில் அந்த வகைப் பென்சிலுக்கு இன்றும் ஷார்ப் பென்சில் என்றே பெயர். நம்மிடம் பேனா பென்சில், மைக்ரோ டிப் பென்சில்.

நான் எதில் எழுதுகிறேன் என்று கேட்டீர்கள். வேலைக்குப் பென்சில், மனத்துக்கு மைப்பேனா, படிவங்களுக்குப் பால் பாயிண்ட். பிழை திருத்தும்போது சிவப்பு மையில் எழுதினால் எழுதியவருக்கு ரத்தம் பார்த்ததுபோல இருக்கும். பென்சிலில் குறித்தால், "இது என் கருத்து, வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளலாம்" என்று சொல்லாமல் சொன்னதாகும். பாதிக் கோபம் இதிலேயே தணிந்துவிடுகிறது.

பால் பாயிண்ட் மேல் எனக்குப் பகை இல்லை, ஒரு மனத்தாங்கல் உண்டு. அதன் முனையில் இருக்கும் உருண்டை, அநேகமாக ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ, காகிதத்தோடு உராய்ந்தால்தான் உருளும். உருண்டால்தான் பின்னால் இருக்கும் பசைபோன்ற எண்ணெய் மையைச் சுமந்துவரும். உராய வேண்டுமென்றால் அழுத்த வேண்டும். பத்துப் பக்கம் எழுதி நடுவிரலைப் பாருங்கள், நகத்தின் ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கும். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எடுக்க அந்த அழுத்தமே வரம். மற்ற நேரத்தில் பேனா எழுதுவதில்லை, கைதான் உழுகிறது.

மைப்பேனா அப்படி இல்லை. நிப்பின் நடுவே மயிரிழைபோல ஒரு பிளவு இருக்கிறது. மை அதில் தானாக இறங்கி முனைக்கு வந்து நிற்கும், காகிதத்தைத் தொட்டவுடன் காகிதமே அதை உறிஞ்சிக்கொள்ளும். கையின் கனம் போதும், அழுத்தமே தேவையில்லை. தமிழ் எழுத்து முழுக்கச் சுழியும் வளைவுமாக இருப்பதால் இது நமக்கு இன்னும் பொருந்துகிறது. "ஞ" எழுதிப் பாருங்கள், பால் பாயிண்டில் திருப்பத்துக்குத் திருப்பம் கை நின்று கிளம்பும். மைப்பேனாவில் ஒரே ஓட்டம். 1978க்கு முன் தமிழ்நாட்டில் "லை", "னை" எல்லாம் இன்றைய ஐகாரக் குறிக்குப் பதில் யானைத் தும்பிக்கைபோல ஒரு வளைவு வைத்து எழுதினோமே, அந்தத் தும்பிக்கையின் சுகம் மைப்பேனாவில் எழுதியவர்களுக்குத்தான் தெரியும்.

அதன் தொல்லைகளையும் மறைக்கவில்லை. கக்கும், காயும், மட்டமான காகிதத்தில் ஊறிப் பின்பக்கம் எட்டிப்பார்க்கும். இடக்கைக்காரர்களுக்கு எழுதிய வரியின் மேலேயே கை போவதால் உள்ளங்கை ஓரமெல்லாம் நீலம். பேனாவை இன்னொருவருக்குக் கொடுத்தால் நிப்பு கெட்டுவிடும் என்பதை மட்டும் நான் நம்புவதில்லை; முனையில் வைத்திருப்பது கெட்டியான உலோகக் கலவை, ஒரு கையெழுத்துக்கு அது அசையாது. கொடுக்கும்போது மூடியை நான் வைத்துக்கொள்வேன். அது நிப்புக்காக இல்லை, பேனா திரும்பி வருவதற்காக.

உங்கள் மகளுக்கு இப்போது பேனா வேண்டாம், பென்சில் போதும். ஹெச்பியைவிட 2பி நல்லது. மென்மையாக இருப்பதால் அழுத்தாமலே கறுப்பாக எழுதும், சின்னக் கை சோராது. சீக்கிரம் மொக்கையாகும், அடிக்கடி சீவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ரப்பர் வெள்ளையாக, மெத்தென்று இருக்கட்டும். ஒரு பாதி நீலமாக இருக்குமே, மையை அழிக்கும் என்று, அது மையை அழிப்பதில்லை, காகிதத்தைத்தான் சுரண்டுகிறது. மைக்ரோ டிப் இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும், 0.5 முனையை உடைத்து உடைத்துத் தள்ளும் பழக்கம் வந்தால் எழுத்தைவிட அதுவே விளையாட்டாகிவிடும்.

பெயர்களைப் பற்றிக் கவலையே படாதீர்கள். அப்பாவிடம் அடிமட்டம், அம்மாவிடம் ஸ்கேல் என்று அவளே பிரித்துக்கொள்வாள். பிள்ளைகள் ஆள் பார்த்துச் சொல் எடுப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அவள் "ண" போடும்போது மூன்று சுழியும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு சுழி "ன"வுக்கும் மூன்று சுழி "ண"வுக்கும் வித்தியாசம் தெரியாமல் நடுவில் கரி அப்பிக்கொண்டிருந்தால் பிள்ளையைத் திட்டாமல் பென்சிலை வாங்கிச் சீவிக் கொடுங்கள்.